இருபத்தாறு கல் கதவு

இது நடந்தது. நடந்தபோது நானும் என் மனைவியும் அங்கே நின்றோம். மூன்றாவது ஆள் நிற்கவில்லை, படுத்திருந்தான். அவன் என் மனைவியின் தம்பி, என் மச்சான். அன்று விடிவதற்குள் என் கையாலேயே வெந்து செத்திருப்பான். சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பேய், பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருஷமாக இருட்டுக் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவன். பத்து மாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்திருக்கிறேன். எனக்கும் ஒரு வாய் கொடு என்று எந்தப் பேயும் வந்து கேட்டதில்லை. எங்கள் வேலையில் பயம் ஒன்றே ஒன்றுக்குத்தான். குழிக்குள் ஆள் இருக்கும்போது மெயினைப் போட்டுவிடக் கூடாது. அதனால் சுவிட்சில் கை வைக்கும் முன் ஆளை எண்ணுவோம். உள்ளே போனவர்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர். எண்ணாமல் ஒரு நாள்கூட நான் சுவிட்சைத் தொட்டதில்லை.

வீட்டில் எண்ணவில்லை. என் வீடுதானே என்று இருந்துவிட்டேன்.

சூளை ஆசை என் மனைவியுடையது. அவளுக்குப் பல் டாக்டரிடம் வேலை. ஊரார் பல்லையெல்லாம் மாவில் அச்சு எடுத்துக் கொடுப்பாள். மாவு பிசைந்த கை சும்மா இருக்குமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் களிமண்ணில் இறங்கினாள். கோப்பை, கிண்ணம், குடுவை என்று வீடு நிறைந்தது. சுடுவதற்குத்தான் வழியில்லை. ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி உடைந்து வரும். கடைசியில் ஒரு நாள், "நம்மளே கட்டிடலாம்ங்க" என்றாள். என்னைக் கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் சிமெண்ட் கல் பரப்பி அடித்தளம் போட்டோம். சுவர் இரண்டு கல் கனம். மேலே வளைவு கட்ட நான் ஒட்டுப்பலகையில் அச்சு அறுத்துக் கொடுத்தேன். களிமண்ணும் மணலும் குழைத்த சேறுதான் பூச்சு. இடது பக்கம் தீ வாய், பின்னால் ஒன்பது அடிப் புகைபோக்கி, முன்னால் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு வாசல். உள்ளே ஐந்தடி நீளம். மச்சான்தான் கல் சுமந்தான். சுமந்ததைவிட உட்கார்ந்தது அதிகம். மருந்து கம்பெனி கோடவுனில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறவன், எங்கே சாய்ந்தாலும் தூங்குவான். ஒருமுறை மணல் குவியலில் தூங்கினான். அக்கா மண்வெட்டியால் தட்டி எழுப்பினாள்.

சூடு தாங்கும் கல் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பழைய சாமான் கடையில் வாங்கினோம். ஏதோ குழாய் செய்கிற கம்பெனியை மூடிச் சூளையை உடைத்த கல்லாம். அதில் இருபத்தாறு கற்களில் மட்டும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தது. ஒன்று முதல் இருபத்தாறு வரை, ஒன்றுகூடக் குறையவில்லை. என் மனைவிக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சூளைக்குக் கதவு கிடையாது. ஒவ்வொரு தடவையும் வாசலைக் கல்லால் அடைத்து, சுட்டு முடித்து ஆறியதும் கல்லை எடுக்க வேண்டும். எந்தக் கல் எங்கே என்று குழம்பாமல் இருக்க எண் போடுவார்கள்.

"முழுக் கதவே கிடைச்சிருக்குங்க" என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கதவுக்குத் தகுந்த மாதிரியே வாசல் அளவை வைத்தோம். வரிசைக்கு இரண்டு கல், பதின்மூன்று வரிசை.

புதுச் சூளையில் எடுத்த எடுப்பில் பானை வைக்கக் கூடாது. வெறும் சூளையில் சின்னத் தீ போட்டு ஈரத்தை வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகலில் சுள்ளி போட்டு லேசாகச் சூடாக்கினோம். வாசலை அடைக்கவில்லை. சனிக்கிழமை வாசலை அடைத்து இன்னும் கொஞ்சம் பெரிய தீ போடுவதாகத் திட்டம். பின்வீட்டு அம்மா எட்டு மணிக்குத் துணி உலர்த்துவார். அதற்குள் புகை அடங்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்கே ஆரம்பிப்பதாக முடிவு. மச்சான், "ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்குப் போய்ப் படுத்துட்டு ஆறு மணிக்கு வந்துடறேன் மாமா" என்றிருந்தான்.

சனிக்கிழமை 4.40. நான் எழுந்தேன். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. வெளியே நல்ல குளிர். சூளைச் சுவரில் கை வைத்தேன். முந்தின நாள் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வாசலில் குந்தி உட்கார்ந்து உள்ளே டார்ச் அடித்தேன். வளைவில் விரிசல் இல்லை. பானை அடுக்கும் பெரிய தட்டுகள் ஆறும், அவையும் காயட்டும் என்று நடுவில் குறுக்கே நிறுத்தியிருந்தபடியே நின்றன.

தட்டுகளுக்குப் பின்னால் நான் எட்டிப் பார்க்கவில்லை.

மச்சான் அங்கேதான் இருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ரூமுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறான். காலிங் பெல் அடித்தால் அக்கா திட்டுவாள் என்று பின்பக்கம் வந்திருக்கிறான். குளிர். சூளை வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. உள்ளே தவழ்ந்து, வாசல் காற்று படாமல் தட்டுகளுக்குப் பின்னால் முடங்கிவிட்டான். சைக்கிளை முருங்கைமரத்துக்குப் பின்னால் சாத்தியிருந்தான். இருட்டில் நான் அதையும் பார்க்கவில்லை.

கல் அடுக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் மூன்றரைக் கிலோ இருக்கும். 5.05க்கு இருபத்தாறாவது கல்லை வைத்தேன். தீப்பெட்டி எடுக்க வீட்டுக்குள் போனேன்.

5.12. திரும்பி வந்தால் மேலே மூன்று கல் இல்லை.

விழவில்லை. வாசலுக்கு வலது பக்கம் தரையில் இருந்தன. 26, அதன் மேல் 25, அதன் மேல் 24. விளிம்பு விளிம்போடு ஒட்டி அடுக்கியிருந்தது. மனைவி எழுந்து வந்து ஏதோ பார்க்க எடுத்திருக்கிறாள், சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. முணுமுணுத்துக்கொண்டே மூன்றையும் திரும்ப வைத்தேன்.

5.20. தீ வாயில் சுள்ளி வைத்துப் பற்றவைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. புகை உள்ளே இழுத்தது. நல்ல இழுப்பு. எனக்கு என் வேலையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

விறகு எடுக்க வீட்டின் பக்கவாட்டுக்குப் போனேன்.

டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்... டொக்...

கல்மேல் கல்லை வைக்கும் சத்தம். விறகோடு ஓடி வந்தேன். யாரும் இல்லை. இப்போது எட்டுக் கல் வெளியே இருந்தது. வாசலின் மேல்பாதியில் கறுப்பாக ஒரு பொந்து. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தரையில் எட்டுக் கல்லும் எண் வரிசைப்படி, கீழே 26, மேலே 19.

மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். அப்போதுதான் எழுந்த முகம்.

"கல்லை எதுக்கு எடுத்த?"

"எந்தக் கல்லை?"

"விளையாடாத. ரெண்டாவது தடவை."

"நான் இப்பதாங்க எந்திரிச்சேன்." அவள் அடுக்கைப் பார்த்தாள். "பூனை தட்டியிருக்கும்."

"பூனை நம்பர் பாத்து அடுக்குமா?"

எனக்குப் பயமில்லை, கோபம்தான். யாரோ நம்மோடு விளையாடுகிறார்கள் என்ற கோபம். பின்சுவரை எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் தெருவே காலி. திரும்பி வந்து எட்டுக் கல்லையும் வைத்தேன். இந்த முறை சேறு குழைத்து வந்து, இடுக்கெல்லாம் அடைத்து, மேலே ஒரு விரல் கனத்துக்குப் பூசினேன். மனைவி டார்ச் பிடித்தாள். காற்று போக ஓர் ஊசித் துளைகூட விடவில்லை.

நான்தான் விடவில்லை. என் கையால்.

5.41. "நீ இங்கயே நில்லு. கதவையே பாரு" என்றேன். தீ வாய் இடது பக்கச் சுவரில் இருந்தது. அங்கே குனிந்தால் கதவு தெரியாது. குனிந்து இரண்டு விறகு போட்டேன்.

"என்னங்க..."

அது மனைவியின் குரல் போலவே இல்லை.

"என்னங்க... இங்க வாங்க."

வந்தேன்.

பூசிய சேற்றில் ஒரு கை பதிந்திருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. ஐந்து விரல். என் கையைவிடப் பெரிய கை. விரல்கள் சேற்றுக்குள் இறங்கின... கல்லின் ஓரத்தைத் தேடின...

26 வெளியே வந்தது.

விழவில்லை. மெதுவாக இறங்கியது.

டொக்.

25.

டொக்.

டார்ச் ஆடியது.

வேகம் கூடியது. 22... 21... 20... சேறு கட்டி கட்டியாக உதிர்ந்தது. யாரோ மூச்சிரைக்கும் சத்தம். மிக அருகில். எனக்கும் கதவுக்கும் நடுவில். அங்கே யாரும் இல்லை.

15.

14.

13.

12.

11.

நின்றது.

5.46.

பொந்துக்குள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. புகைக்குள்ளிருந்து...

இருமல்.

மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. தம்பியின் இருமல் அக்காவுக்குத் தெரியாதா? அவள் டார்ச்சைப் போட்டுவிட்டுத் தலையை உள்ளே நுழைத்துவிட்டாள். நான் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து, நானே நுழைந்தேன். தட்டுகளைத் தள்ளினேன். காலொன்று கையில் பட்டது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. எதிலோ மாட்டியது போல இருந்தது. உயிரைக் கொடுத்து இழுத்தேன். சட்டென்று விட்டது. இரண்டு பேரும் வெளியே வந்து விழுந்தோம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னார், உள்ளே அவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடந்திருந்தால் புகையே ஆளை முடித்திருக்குமாம், இடையில் எப்படியோ நல்ல காற்று கிடைத்திருக்கிறதாம். நான் தலையை ஆட்டினேன். அந்தக் காற்றையும் அடைத்தவன் நான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? வெளியே வந்து பைக் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன்.

மச்சானுக்கு ஒன்றும் நினைவில்லையாம். "அசந்து தூங்கிட்டேன் மாமா" என்றான். அதோடு சரி.

சூளையை இடித்துவிடலாம் என்றேன். நான்கு நாள் கழித்து மனைவி, "ஆளை எண்ணாம அடைச்சது நம்ம தப்பு. சூளை என்ன பண்ணும்? அந்தக் கை யாரோடதோ, அது என் தம்பியைக் காப்பாத்துச்சு. அதுக்காகவாவது அதை இடிக்கக் கூடாது" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பின்பக்கம் பார்த்துவிட்டு வருவேன். வேலையில் ஆளை மூன்று மூன்று தடவை எண்ணினேன். கூட இருப்பவர்கள் சிரித்தார்கள். பழைய சாமான் கடைக்காரரைத் துளைத்து எடுத்தேன். பத்துத் தடவை போன் பண்ணிய பிறகு, அந்தக் குழாய்க் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக இருந்தவரின் மகள் நம்பரைக் கொடுத்தார். அந்தப் பெண் எடுக்கவில்லை. நடந்ததைக் குரல்பதிவாக அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதன்முறையாகப் பானைகளை அடுக்கினோம். எழுபத்திரண்டு உருப்படி. மனைவியின் மூன்று வருஷம் மொத்தமும் உள்ளே. வாசலை அடைக்கும் முன் நான் உள்ளே தலையை விட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். பிறகு வெளியே ஆளை எண்ணினேன். நான், மனைவி, மச்சான். மூன்று. மச்சான் விறகு எடுத்துக் கொடுத்தான், ஆனால் கதவுக்கு ஆறடி தள்ளியே நின்றான். 11 மணிக்குப் பற்றவைத்தோம். நல்ல வெயில். பின்வீட்டு அம்மா ஊருக்குப் போயிருந்தார்.

1.20. போன் அடித்தது. மேஸ்திரியின் மகள்.

"மெசேஜ் இப்பதாங்க கேட்டேன். கல்லுல வெள்ளை நம்பர் இருந்துச்சா?"

"ஆமாம்மா. இருபத்தாறு கல்."



"அது அப்பா எழுதினது. மாதிரி சுட்டுப் பாக்குற சின்னச் சூளை ஒண்ணு இருந்துச்சு. குளிர் நாள்ல வேலைக்காரங்க அதுக்குள்ள போய்ப் படுத்துப்பாங்களாம். அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள் விடியக்காலைல வழக்கம்போல கதவை அடைச்சுத் தீ மூட்டிட்டார். அப்புறம் சத்தம் கேட்டிருக்கு. வெறுங்கையால கல்லைப் புடுங்கியிருக்கார். உள்ள ரெண்டு பேரு. ஒருத்தரைத்தான் எடுக்க முடிஞ்சுது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதுக்கப்புறம்தான் நம்பர் போட்டார். அவசரத்துல எதை முதல்ல எடுக்கணும்னு தெரியணுமாம்."

"அப்பா எப்ப தவறினாரு?"

"நீங்க நினைக்கிற மாதிரி இல்லைங்க. உயிரோடதான் இருந்தாரு. ஆறு வருஷமா படுக்கை. கை கால் வராது, பேச்சும் இல்ல. ஆனா போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குப் போய்ப் பாத்தேன்... எழுந்து உக்காந்திருந்தார். ரெண்டு கையிலயும் சேறு. பேசினார். 'ஒருத்தனை எடுத்துட்டேன், இன்னொருத்தன் இன்னும் உள்ளதான் இருக்கான்'னார். பழைய நினைப்புல பேசறார்னு விட்டுட்டேன்."

"நான் அவரை வந்து பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப முடியாதுங்க. செவ்வாய்க்கிழமை போயிட்டார்."

போனை வைத்தேன். மச்சான் விறகுக் கட்டோடு பக்கத்தில் நின்றான். "யாரு மாமா?" என்றான். கேட்டதை அப்படியே சொன்னேன். அவன் விறகைக் கீழே வைத்தான்.

"மாமா... அன்னைக்கு நான் தூங்கலை."

"என்னடா சொல்ற?"

"நீங்க முதல் கல் வெக்கும்போதே முழிச்சிட்டேன். கூப்பிடப் பாத்தேன். பின்னாலேருந்து ஒருத்தன் கட்டிப் புடிச்சிருந்தான். வாயை அமுக்கியிருந்தான். குளிருது, குளிருதுன்னு சொல்லிட்டே இருந்தான். சொன்னா அக்கா சூளையைத் தொடவே மாட்டாளேன்னுதான்..."



தீ வாயருகே மனைவி நிமிர்ந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா ஏறுதுங்க. கட்டை போடலாமா?"

மணி 1.34. நான் கதவைப் பார்த்தேன். இருபத்தாறு கல்லும் அதனதன் இடத்தில் இருந்தன. சேறு காய்ந்து இறுகியிருந்தது. உள்ளே யார் இருந்தாலும், அந்தக் கற்களை எடுக்க இனி ஆள் இல்லை.